மாச்சத்துக் குறைத்த யாகிசோபா பிழைத்துப்போனால்

யாகிசோபா என்பது ஜப்பானியர் பிரட்டி எடுக்கும் நூடில்ஸ். கோதுமை நூடில்ஸ், கோவா, பன்றி இறைச்சி, இனிப்பும் புளிப்புமான கறுத்த சோஸ், மேலே கடற்பாசித் தூள், சிவந்த இஞ்சி ஊறுகாய். ஒரு ஆளுக்கு 150 கிராம் அவித்த நூடில்ஸ் போடுவார்கள். அதில் மட்டுமே மாச்சத்து 50 கிராமைத் தாண்டிவிடும், சோஸில் இருக்கும் சீனி தனி. வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவர் இருந்தால் நூடில்ஸை மட்டும் மாற்றிவிட்டால் சரி என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அங்கேதான் பிழைக்கும்.

பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் ஒன்றுதான். கோதுமை நூடில்ஸ் தண்ணீரைக் குடிக்கும். அதற்குப் பதிலாக நாம் போடும் எதுவும் தண்ணீரைக் கக்கும். கொன்ஜாக் என்ற கிழங்கின் மாவில் செய்யும் நூடில்ஸில் 100க்கு 97 பங்கு தண்ணீர். சுக்கினி, முள்ளங்கி, நோக்கோல் எல்லாம் 90க்கு மேல். ஆகவே பழைய செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு நூடில்ஸை மட்டும் மாற்றினால் சூப்தான் வரும். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி இந்தத் தண்ணீர் செய்கிற வேலை. மீதிப் பாதி, நூடில்ஸில் குறைத்த மாச்சத்து வேறு வழியால் திரும்பி வருவது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு வேண்டுமல்லவா? இரண்டு பேருக்கு: நீர் வடித்த கொன்ஜாக் நூடில்ஸ் 400 கிராம், கோவா 200 கிராம், முளைவிட்ட பயறு 100 கிராம், கரட் நிறத்துக்கு மட்டும் 30 கிராம், பன்றி, கோழி, இறால், கணவாய் இவற்றில் ஏதாவது 150 கிராம். சோஸுக்குச் சோயா சோஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, வூஸ்டர் சோஸ் 2 தேக்கரண்டி, தக்காளிப் பேஸ்ட் 1 தேக்கரண்டி, வினாகிரி 1 தேக்கரண்டி, மாசித் தூள் 1 தேக்கரண்டி, மிளகு. நாரைக் கழித்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு மாச்சத்து ஏறக்குறைய 10 கிராமுக்குள் நிற்கும்.

பொதியை வெட்டியதும் மீன் வாடை

கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். கொன்ஜாக் மாவிலேயே டிரைமீதைலமீன் என்ற சேர்மம் இருக்கிறது. பழைய மீனில் மணப்பதும் அதுதான். மாவை இறுகவைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள், அதன் காரத்தன்மை இந்த வாடையை இன்னும் கிளப்பிவிடும். பொதிக்குள் நிற்கிற தண்ணீர் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர்தான். அதை முழுதாக வடித்து ஊற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து, குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு 3 நிமிடம் அவித்து வடியுங்கள். வினாகிரி வீண் செலவு இல்லை. அமிலம் பட்டால் அந்தச் சேர்மம் உப்பாக மாறி ஆவியாகாமல் நின்றுவிடும். மீன் கழுவும்போது தேசிக்காய் பிழிவதும் இதற்குத்தான்.

இவ்வளவும் செய்தும் வாடை இருந்தால், அடுத்த பகுதியில் சொல்லும் வறுப்பு போதவில்லை என்று அர்த்தம். பொதி ஊதியிருந்தாலோ, நூடில்ஸ் கையில் கரைந்து வழுக்கினாலோ கதை வேறு. அதை எறிந்துவிடுங்கள்.

கொன்ஜாக் நமது கரணைக்கிழங்கின் நெருங்கிய சொந்தம், இரண்டும் அமோர்போஃபலஸ் என்ற ஒரே பேரினம். அதற்காகக் கரணைக்கிழங்கைச் சீவி நூடில்ஸ் செய்யப் புறப்பட்டுவிடாதீர்கள். கரணையில் இருப்பது நேரான மாப்பொருள். கொன்ஜாக்கில் இருப்பது குளுக்கோமனன், நம் குடல் உடைத்துச் சீனியாக்க முடியாத நார்.

தாச்சியின் அடியில் குளம்

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது எப்போது வந்தது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

இறைச்சியைப் போட்டவுடன் சாம்பல் நிற நுரையோடு வந்தால் இறைச்சியின் நீர். உறைந்திருந்ததை அவசரமாக இளக்கிப் போட்டிருப்பீர்கள். துணியிலோ கடதாசியிலோ ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டு தடவையாக வதக்குங்கள்.

நூடில்ஸ் விழுந்து ஒரு நிமிடத்துக்குள் வந்தால் அது நூடில்ஸின் நீர். இதுதான் வழக்கமான குற்றவாளி. அவித்து வடித்த கொன்ஜாக்கை வெறும் தாச்சியில், எண்ணெய் விடாமல், நல்ல நெருப்பில் வறுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள். முதலில் ஆவி பறக்கும், சத்தம் போடும். ஆறேழு நிமிடத்தில் ஆவி அடங்கி, கிளறும்போது நூடில்ஸ் கிறீச் கிறீச் என்று சத்தமிடும். இழைகள் சுருங்கி மினுமினுப்புக் குறையும். அந்தச் சத்தம் வரும் வரைக்கும் எண்ணெயைக் கையில் எடுக்கவே வேண்டாம். எண்ணெயை முன்னரே விட்டால் அது இழையைச் சுற்றிப் படிந்து, நீர் வெளியேறுவதைத் தாமதமாக்கும். ஒட்டாத பூச்சுத் தாச்சியை வெறுமையாக இப்படிச் சூடாக்குவது பூச்சுக்குக் கூடாது. இரும்புத் தாச்சியோ எவர்சில்வரோ எடுங்கள்.

இந்த வறுப்பைத் தவிர்த்துவிட்டு நல்ல யாகிசோபா செய்தவரை நான் பார்த்ததில்லை. நூடில்ஸைத் துணியில் சுற்றிப் பிழிவது, பிரிட்ஜில் திறந்து வைப்பது என்று வேறு உபாயங்கள் சொல்வார்கள். மேல் ஈரம் போகும், உள்ளே இருப்பது சூடு பட்டால்தான் வரும்.

சோஸ் விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் தண்ணீர் வந்தால் கோவாதான். உப்புப் பட்டதும் அது நீரை விடும், சோயா சோஸ் முழுக்க உப்பு. இங்கே நம்மவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. கை பழகிப்போய்க் கோவாவை வறைக்கு அரிகிற மாதிரி மெல்லியதாக அரிந்துவிடுவார்கள். யாகிசோபாவுக்கு மூன்று நான்கு சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நீர் குறைவு. கழுவியதை வடித்து உலர வையுங்கள். நெருப்பைக் கூட்டி ஒரே நிமிடம் வதக்கித் தட்டில் எடுத்து வையுங்கள். உப்பு அப்போது வேண்டாம்.

ஒழுங்கு இப்படி வரும்: இறைச்சி, எடுத்து வை. மரக்கறி, எடுத்து வை. நூடில்ஸ், வெறும் வறுப்பு. பிறகு எண்ணெய், பிறகு சோஸ் நூடில்ஸுக்கு மட்டும். சோஸ் வற்றி ஒட்டியபின் எல்லாவற்றையும் திருப்பிக் கொட்டி அரை நிமிடம் பிரட்டு, இறக்கு.

எல்லாம் சரியாகச் செய்தும் குளம் கட்டினால் அடுப்பைப் பாருங்கள். வீட்டு காஸ் அடுப்பில் நான்கு பேருக்கானதை ஒரே தாச்சியில் போட்டால் சூடு இறங்கி, வதங்குவதற்குப் பதில் அவியத் தொடங்கும். சிலிண்டர் முடியப்போகிற நாளில் நெருப்பு மெலிந்தாலும் அதேதான் நடக்கும். இரண்டிரண்டு பேருக்காகச் செய்யுங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குசினி யன்னல் சின்னது, புகை நிற்கும் என்ற தயக்கத்தில் நெருப்பைக் குறைப்பவர்கள் உண்டு. யன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் மாசி மணத்துக்கு ஏற்கெனவே பழகியவர்கள்.

இப்போது தாச்சியில் குளம் நிற்கிறது, விருந்தாளி மேசையில் இருக்கிறார் என்றால்? நூடில்ஸையும் மரக்கறியையும் அள்ளித் தட்டில் போடுங்கள். தண்ணீரை மட்டும் தாச்சியில் விட்டு, இரண்டு மேசைக்கரண்டி ஆகும்வரை கொதிக்க வற்றவைத்து, திரும்ப எல்லாவற்றையும் கொட்டிப் பிரட்டுங்கள். எல்லாம் உள்ளே இருக்கும்போதே வற்றவைக்கப் பார்த்தால் கோவா குழைந்து இன்னும் நீர் விடும். சோளமா கரைத்து விடலாமா என்று கை போகும். ஒரு மேசைக்கரண்டி சோளமாவில் 7 கிராம் மாச்சத்து, இவ்வளவு பாடும் அதற்காகவா பட்டோம்?

சோஸ் ஒட்டவில்லை, நூடில்ஸ் சப்பென்று இருக்கிறது

கோதுமை நூடில்ஸின் மேலே மாப்பொருள் ஒரு பசையாக இருக்கும், சோஸ் அதில் சிக்கிக்கொள்ளும். உள்ளேயும் ஊறும். கொன்ஜாக்கில் பசையும் இல்லை, ஊறுவதும் இல்லை. சோஸ் வழுக்கித் தட்டின் அடிக்குப் போய்விடும். அதற்காகச் சோஸைக் கூட்டினால் அடியில் உப்புக் குளம், மேலே வெள்ளை நூடில்ஸ்.

சோஸைக் கூட்டாதீர்கள், இறுக்குங்கள். தக்காளிப் பேஸ்ட் பாதி வேலையைச் செய்யும். பேக்கரிச் சாமான் கடையில் சாந்தன் கம் கிடைத்தால் கால் தேக்கரண்டி போதும். அதை நேரே சோஸில் போட்டால் கட்டிபடும், எண்ணெயில் குழைத்து விடுங்கள். அதுவும் இல்லையா? பாமசியில் மலச்சிக்கலுக்கு விற்கும் இசப்கோலை மிக்சியில் தூளாக்கி, அரைத் தேக்கரண்டி கலந்து இரண்டு நிமிடம் விடுங்கள். கூடினால் வெண்டிக்காய்க் கொழகொழப்பு வந்துவிடும், கவனம்.

எனக்குப் பிடித்த வழி மயோனைஸ். வறுத்த நூடில்ஸில் எண்ணெய்க்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் விட்டுப் பிரட்டி, அதன்மேல் சோஸை ஊற்றுவது. முட்டையும் எண்ணெயும் சேர்ந்த பூச்சில் சோஸ் நன்றாகப் பிடிக்கும். யாகிசோபாவின் மேல் மயோனைஸ் கோடு போடுவது ஜப்பானிலும் வழக்கம்தான், ஆகவே ருசியும் பிசகாது. போத்தலில் சீனி எவ்வளவு என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

உள்ளேயும் ருசி வேண்டும் என்றால், வினாகிரித் தண்ணீரில் அவித்தபின் மாசி போட்ட தண்ணீரில் இன்னொரு 10 நிமிடம் மெல்லிய நெருப்பில் விட்டு, வடித்துப் பிறகு வறுங்கள். ஜப்பானியர் கொன்ஜாக்கை ருசியேற்றுவது இப்படி நேரமெடுத்துத்தான். வார நாளில் இதற்குப் பொறுமை இருக்காது, விட்டுவிடலாம்.

ரப்பர் மாதிரி இழுபடுகிறது

இன்னும் அவித்தால் மெதுவாகும் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்பில் இறுகிய குளுக்கோமனன் சூட்டில் திரும்ப இளகாது. ஒரு மணித்தியாலம் அவித்தாலும் அப்படியே இருக்கும். கொன்ஜாக்கின் இயல்பே அந்த இழுவை, முழுதாக ஒழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும்.

கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். மெல்லிய இழை உள்ள பொதியாக வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் பல் இல்லாத வயதானவர்களுக்கும் இன்னும் குட்டையாக வெட்டுங்கள், ஏனென்றால் இது வாயில் கரையாது, மெல்லாமல் விழுங்கினால் தொண்டையில் சிக்கும்.

இழைக்குள் ஓட்டை ஓட்டையாக, பஞ்சும் ரப்பரும் கலந்தது போல இருந்தால் உங்கள் பிரிட்ஜ்தான் காரணம். உள்பக்கத்தில் வைத்த பொதி உறைந்துபோயிருக்கிறது. உறையும்போது நீர் பிரிந்து, இளகியபின் திரும்பச் சேராது. அதை நூடில்ஸாகப் பாவிக்க வழியில்லை. திறக்காத பொதிக்குப் பெரும்பாலும் பிரிட்ஜே தேவையில்லை, உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கொன்ஜாக் பிடிக்கவே இல்லை என்று வீட்டில் ஒருவர் அடம்பிடித்தால், அரைவாசியை முட்டை இழையாக மாற்றுங்கள். நான்கு முட்டையை அடித்து, மெல்லிய ஒம்லெட்டாக நாலைந்து சுட்டு, ஆறியபின் சுருட்டி, அரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் அரியுங்கள். ஒரு முட்டையில் மாச்சத்து 1 கிராமுக்கும் குறைவு. கடைசி அரை நிமிடத்தில் சேர்க்க வேண்டும், முன்னரே போட்டால் உடைந்து பொரியல் ஆகிவிடும். என்னைக் கேட்டால் பாதிக்குப் பாதி இந்தக் கலவைதான் எல்லாவற்றிலும் மேல். கொன்ஜாக் கொழும்பில் எப்போதும் கிடைக்கும் சாமானும் இல்லை. பெரிய சூப்பர்மார்க்கெட்டின் வெளிநாட்டுச் சாமான் தட்டில் இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. விலையும் சும்மா இல்லை. முட்டை எந்தச் சந்தியிலும் கிடைக்கும்.

மரக்கறி நூடில்ஸ் கூழாகிவிட்டது

சுக்கினியின் நடுவில் இருக்கும் விதைச் சதைதான் கூழாவது. சுற்றியுள்ள சதையை மட்டும் சீவி, நடுவைச் சாம்பாருக்கு விட்டுவிடுங்கள். முள்ளங்கி கூழாகாது, ஆனால் மணக்கும். ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்தால் அடங்கும்.

நோக்கோலைத்தான் நான் சொல்வேன். வெள்ளவத்தைச் சந்தையில் எப்போதும் கிடக்கும். 100 கிராமில் மாச்சத்து 6 கிராம், அதில் பாதிக்கு மேல் நார். தோலை ஆழமாகச் சீவி, நெருப்புக்குச்சித் தடிப்பில் நீளமாக வெட்டி, உப்புப் பிரட்டிப் பத்து நிமிடம் விட்டுப் பிழியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் வதக்கினால் கடிபடும் பதத்தில் நிற்கும். முற்றிய நோக்கோல் வேண்டாம், நார் பல்லில் சிக்கும்.

செய்தாயிற்று, ஆனால் யாகிசோபாவாக இல்லை

காலி வீதிக் கடைகளில் கிடைக்கும் பிரைட் நூடில்ஸ் மாதிரியே வந்திருக்கிறதா? லீக்ஸும் மிளகாய்ப் பேஸ்டும் போட்டிருப்பீர்கள். இரண்டையும் நிறுத்துங்கள். உறைப்பு வேண்டுமென்றால் மிளகோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாகிசோபாவின் மணம் வூஸ்டர் வகைச் சோஸில் இருக்கிறது. வினாகிரி, வெல்லப்பாகு, புளி, நெத்திலி வகை மீன், கராம்பு போன்ற வாசனைச் சாமான்கள் சேர்ந்தது அது. ஜப்பானியத் தயாரிப்பில் பழமும் மரக்கறியும் அரைத்துச் சேர்த்து, சீனியும் கூட்டியிருப்பார்கள். அதைப் போத்தலாக வாங்கினால் நாம் தவிர்த்த மாச்சத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். மேலே சொன்ன அளவுச் சோஸில் கத்தி நுனியளவு கராம்புத் தூளும் அதே அளவு கறுவாத் தூளும் சேர்த்துப் பாருங்கள். கறுவா நம் நாட்டுச் சாமான்தானே, நல்லதாகவே கிடைக்கும். இனிப்பு இல்லாமல் முடியாது என்பவர் ஸ்டீவியா ஒரு சிட்டிகை போடலாம். கூடினால் பின்கசப்பு வரும்.

மாசியைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. யாகிசோபாவின் மேல் தூவும் கட்சுஓபுஷியும் நம் மாசியும் ஒரே மீன், சூரை. இரண்டையும் அவித்து, புகையில் வாட்டி, உலர்த்துகிறார்கள். கட்சுஓபுஷியின் உயர்ந்த வகைக்கு மட்டும் அதன்பின் பூஞ்சணம் பிடிக்கவைப்பார்கள். மாசியின் மணம் கொஞ்சம் முரடு, உப்பும் உண்டு, ஆகவே தூளாக்கி அளவோடு போட வேண்டும். புறக்கோட்டையில் வாங்கும்போது உடைத்துப் பாருங்கள், உள்ளே செங்கபிலமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஷிசுஓகா மாகாணத்தின் புஜினோமியா ஊர் யாகிசோபாவுக்கு மேலே சாளை வகைக் கருவாட்டுத் தூளைத்தான் தூவுவார்கள். மாசி இல்லாத வீட்டில் தலை கிள்ளி வறுத்த நெத்தலிக் கருவாட்டைத் தூளாக்கிப் போட்டால் அந்த ஊர்ப் பக்கம் போய்விடலாம்.

கடற்பாசித் தூளுக்குச் சுஷி சுற்றும் நோரித் தாளை நெருப்பில் வாட்டி நொறுக்குங்கள். சிவந்த இஞ்சிக்கு, இஞ்சியைக் குச்சியாக அரிந்து, வினாகிரியும் உப்பும் ஒரு துண்டு பீற்றூட்டும் சேர்த்து ஒரு இரவு விட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கு ஒரு வார்த்தை: வூஸ்டர் சோஸில் மீன் இருக்கிறது, லேபலைப் படியுங்கள். அதற்கும் மாசிக்கும் பதிலாக உலர்ந்த ஷிடாகே காளானை ஊறவைத்த தண்ணீரைச் சோயா சோஸோடு வற்றவையுங்கள். இறைச்சிக்குப் பதில் டோஃபுவை நன்றாகப் பொரித்துப் போடுங்கள்.

எல்லாம் குறைத்தும் சீனி அளவு ஏறுகிறது

மீற்றர் பொய் சொல்வது அரிது. பொதியிலிருந்து தொடங்குங்கள். கொன்ஜாக் என்று முகப்பில் எழுதிவிட்டு, உள்ளே மரவள்ளி மாவோ உருளைக்கிழங்கு மாவோ கலந்த நூடில்ஸும் விற்கிறார்கள். சேர்மானப் பட்டியலில் தண்ணீர், கொன்ஜாக் மா, சுண்ணாம்பு, இவ்வளவுதான் இருக்க வேண்டும். அதே தட்டில் பக்கத்தில் கிடக்கும் கண்ணாடி நூடில்ஸ் பார்வைக்கு இரட்டைப்பிள்ளை, ஆனால் அது பாசிப்பயற்றின் மாப்பொருள். உலர்ந்த 100 கிராமில் மாச்சத்து 85 கிராம் அளவில் இருக்கும். சோபா என்ற பக்வீட் நூடில்ஸும் ஆரோக்கியம் என்று பெயர் எடுத்திருக்கிறதே தவிர, மாச்சத்தில் கோதுமைக்கு அதிகம் குறைந்ததில்லை.

லேபல் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க லேபலில் மாச்சத்துக்குள் நாரும் அடக்கம், கழித்துப் பார்க்க வேண்டும். பிரித்தானிய, ஐரோப்பிய லேபலில் நாரை ஏற்கெனவே நீக்கித்தான் எழுதுவார்கள், அதில் இன்னொரு தடவை கழித்தால் உங்களை நீங்களே ஏமாற்றுகிறீர்கள். கொழும்பில் ஒரே தட்டில் நாலு நாட்டுச் சாமான் இருப்பதால் எந்த நாட்டு லேபல் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் மரக்கறி. லீக்ஸ் 100 கிராமில் நார் போக 12 கிராம் மாச்சத்து, கோவாவில் 3 கிராம்தான். வெங்காயமும் கரட்டும் இடையில் நிற்கின்றன. நிறத்துக்கும் வாசத்துக்கும் போடலாம், குவிக்கக் கூடாது. தக்காளி சோஸ் 100 கிராமில் கால்வாசி மாச்சத்து, இனிப்பு மிளகாய் சோஸ் அதற்கும் மேல். சிப்பிச் சோஸிலும் சீனி உண்டு.

இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது, சொன்னால் சிரிப்பார்கள். கூட என்ன சாப்பிட்டார்? நூடில்ஸில் ஒன்றும் இல்லையே என்று பக்கத்தில் இரண்டு துண்டு பாண். ஜப்பானிலும் யாகிசோபாவைப் பாணுக்குள் அடைத்து விற்கிறார்கள் என்பது உண்மை, நம் வீட்டு மீற்றருக்கு அது சமாதானம் ஆகாது.

இன்சுலின் போடுபவரும் கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவரும் இதை மறுபக்கத்தாலும் பார்க்க வேண்டும். 60 கிராம் மாச்சத்து வந்த நேரத்தில் 10 கிராம் வந்தால், அதே மருந்து அளவு சீனியை மிகவும் இறக்கிவிடலாம். சாப்பாட்டை மாற்றும் முன் டொக்டரோடு கதையுங்கள்.

உப்புக் கூடிவிட்டது

சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் சோடியம் 900 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000க்குக் குறைவாக வைக்கச் சொல்கிறது. மேலே சொன்ன அளவில் தனி உப்புக்கு இடமே இல்லை. கூடிவிட்டால் தண்ணீர் விட வேண்டாம், கோவாவை இன்னொரு கைப்பிடி வதக்கிச் சேர்த்து, கொஞ்சம் வினாகிரி தெளியுங்கள். பிரஷர்காரருக்கு மாசியைப் பாதியாக்குங்கள்.

சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் பசி, அல்லது வயிறு ஊதுகிறது

பசித்தால் இறைச்சியும் எண்ணெயும் போதவில்லை. கொன்ஜாக்கில் சக்தி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கு 75 கிராம் இறைச்சியை 120 ஆக்குங்கள், மேலே ஒரு முட்டை பொரித்து வையுங்கள்.

ஊதினால் நார் ஒரேயடியாகக் கூடிவிட்டது. முதல் இரண்டு வாரம் ஆளுக்கு 100 கிராம் கொன்ஜாக்கோடு நிறுத்தி, மீதிக்கு முட்டை இழை போடுங்கள். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் ஊறிப்போகிறது

காலையில் கட்டியது ஒபிஸ் போய்ச் சேரும்போது அடியில் தண்ணீர் நிற்பது சகஜம். சூட்டோடு மூடினால் ஆவி திரும்ப இறங்கும், நன்றாக ஆறவிட்டு மூடுங்கள். ஆனால் இறைச்சி சேர்ந்த சாப்பாட்டைக் கொழும்பு வெக்கையில் மணிக்கணக்காக வெளியே வைக்க முடியாது. ஒபிஸில் பிரிட்ஜும் மைக்ரோவேவும் இல்லாவிட்டால் இதைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். இருந்தால், முதல் நாள் இரவே செய்து பிரிட்ஜில் வைத்து, நூடில்ஸை ஒரு பெட்டியிலும் கோவாவை இன்னொன்றிலும் பிரித்துக் கொண்டுபோங்கள். மத்தியானம் இரண்டையும் தனித்தனியே சூடாக்கிக் கலந்து, நோரித் தூளை அப்போது தூவுங்கள். மிஞ்சினால் பிரீசரில் மட்டும் வைக்காதீர்கள், கொன்ஜாக் பஞ்சாகிவிடும்.